கயிற்றின் கீழ்முனை

தம்பி செத்துக் கிடந்த இடத்தில் ஒரு பொட்டுக் கறை இல்லை. படகை விற்பதற்காகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்!

அக்கா குனிந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

பாய்மரத்தையும் அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளையும் சோதிப்பது அவள் பிழைப்பு. தம்பிக்கும் அதேதான்... இரண்டு மாதம் முன்பு வரை.

இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல், தனியாக, வெறும் கையால் ஏறிப் பாதியில் விழுந்தான் என்று எழுதிப் போலீஸ் கேஸை மூடியது. திமிர் பிடித்தவன் என்றது படகுத்துறை.

அவள் நம்பவில்லை. பெல்ட் இல்லாமல் ஸ்டூலில்கூட ஏறமாட்டான் அவன்!

இன்று அதே படகை வாங்கப்போகும் பல் டாக்டர் ஒருவர், சோதித்துச் சொல்ல அவளைக் கூப்பிட்டிருந்தார். வேறு யாரையாவது அனுப்பலாமே என்று புருஷன் காலையிலிருந்து கெஞ்சினான். அவள் மசியவில்லை. கடைசியில் கீழே நின்று கயிறு பிடிக்க அவனே வந்தான். தம்பி போன அன்று வெளியூரில் மாட்டிக்கொண்ட மனுஷன்... பாவம், அந்த வேதனைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் கயிற்றை இழுக்கும் வின்ச்சைச் சுற்றச் சுற்ற, பெல்ட்டில் தொங்கியபடி மேலே போனாள். விரலால் கம்பிகளைத் தடவினாள். பிசிறு இல்லை. விரிசல் இல்லை.

உச்சி வந்தது.

கம்பியைப் பாய்மரத்தோடு பிணைத்திருந்த ஆணி மீது புது டேப்!

அவர்கள் பட்டறையில் ஒரு வழக்கம். மேலே வேலை முடித்தவர், டேப்பில் தேதியையும் கீழே கயிறு பிடித்தவர் யார் என்பதையும் எழுத வேண்டும்.

தம்பியின் கோணல் எழுத்து. அவன் செத்த தேதி. அப்படியென்றால் அவன் பாதியில் விழவில்லை... உச்சிக்கு வந்து வேலையை முடித்திருக்கிறான்!

அடுத்த வரி...

'கீழே: அத்தான்.'

முதலில் தன்னைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். பிறகுதான் குனிந்தாள்.

"ஏங்க... அன்னிக்கு நீங்கதானே கயிறு பிடிச்சீங்க?"

அவன் ஓரடி பின்வாங்கினான்.

"டேப்புல எழுதி வச்சிருக்கான்."

"இறக்கிட்டு இருந்தேன்... போன் அடிச்சுது. ஒரு கையை எடுத்தேன். கயிறு வழுக்கிடுச்சு."

"யார் போன்?"

"உன்னோடதுதான்."

அன்று பதினொரு மணி. எங்கே இருக்கீங்க என்று அவள்தான் போன் செய்து கேட்டிருந்தாள். வெளியூர் என்றான். அந்த நிமிஷம் தம்பி அவன் காலடியில் கிடந்திருக்கிறான்!

"தனியா ஏறினான்னு காட்ட பெல்ட்டை அவுத்தது நீங்க. அப்ப அவனுக்கு உயிர் இருந்துச்சா?"

அவன் தலையைத் தொங்கப் போட்டான்.

பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் போலீசுக்குப் போன் செய்தாள்.

அப்போதுதான் காரை நிறுத்திவிட்டு வந்த பல் டாக்டர், பாய்மரம் எப்படி இருக்கிறது என்று கரையிலிருந்து கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாய்மரம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். கீழே நிக்கிற ஆளைத்தான் மாத்தணும்!"