மேகத் தீவின் ஆடு

நீதிபதி மார்ட்டிம் சுட்ட மத்தி மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருக்கும்போது யார் கதவைத் தட்டினாலும் அவருக்குப் பிடிக்காது. லாகோஸ் துறைமுகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் லியனோர் தட்டினாள். நீதிமன்றச் சேவகனான அமீனா பஸ்தியான் போய்த் திறந்தான்.

"ஐயா சாப்பிடுறாரும்மா. அப்புறமா வா."

"அவர் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள என் வீட்டுக்காரரோட தீவை இன்னொருத்தன் முழுங்கிடுவான்," என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே வந்துவிட்டாள்.

பஸ்தியானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தீவாம்! அவள் கணவன் துவார்த்தேயின் தீவைப் பற்றி ஊரில் பேசாத வாய் உண்டா? போன கோடையில் மேற்கே கப்பல் ஓட்டிப் போனவன், புதுத் தீவு ஒன்றில் இறங்கி மரச்சிலுவை நட்டதாகச் சொன்னான். திரும்பும் வழியில் புயலில் கப்பல் உடைந்து, இரண்டே மாலுமிகளோடு வெறுங்கையாகக் கரையேறினான். தூரத்து மேகத்தைத் தீவென்று நம்பி ஏமாந்தவர்கள் அந்த ஊரில் ஏராளம். ஆகவே மீன் விற்கும் பெண்கள் அவனுக்கு 'மேகத் தீவுக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாவம், அன்றிலிருந்து மனுஷன் தெருவில் தலை காட்டுவதே இல்லை.

"இப்ப அந்தத் தவெய்ரா, என் வீட்டுக்காரர் சொன்ன அதே திசையில போய் அதே தீவைப் பார்த்துட்டு வந்துட்டான் ஐயா," என்றாள் லியனோர். "அங்க சிலுவையும் இல்ல, மனுஷ வாடையும் இல்ல, முதல்ல கால் வெச்சது நான்தான்னு சொல்றான். முதல்ல இறங்கினவனுக்குத்தானே தீவு? நாளைக்குக் காலையில இளவரசரோட அதிகாரி அதை அவனுக்கே குடுக்கப் போறார்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"சுவரைப் பார்த்து உக்காந்திருக்கார். சிலுவை நட்டேன், சிலுவை நட்டேன்னு அதையேதான் சொல்றார். வீட்டை வித்துக் கப்பல் வாங்கினார். நான் பிள்ளை மாதிரி வளர்த்த ஆடுங்களையும் அதுலயே ஏத்திட்டுப் போனார். வீடும் போச்சு, ஆடும் போச்சு. போனா போகட்டும் ஐயா. பொய்யன்னு பேர் வாங்கிட்டாரே, அதுதான் எனக்கு வயிறு எரியுது."

மார்ட்டிம் மீனைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவினார். அவர் மீனைப் பாதியில் விட்டதைப் பஸ்தியான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

தவெய்ரா வாயெல்லாம் பல்லாக மார்ட்டிமையும் பஸ்தியானையும் தன் வீட்டில் வரவேற்றான். முற்றம் முழுக்கத் தீவிலிருந்து வந்த சாமான்கள். கூண்டில் புறாக்கள், சிவப்புப் பிசின், வாசனை மரக்கட்டைகள், மூலையில் கட்டிப்போட்ட ஒரு புள்ளி ஆடு. பஸ்தியானுக்குக் கை பரபரத்தது. நட்ட சிலுவையை எவனோ பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கிய மரத்தை எங்கேயாவது போட்டிருக்க வேண்டும். அவன் கட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். தவெய்ராவின் காலணியைக்கூடக் குனிந்து பார்த்தான்.

"காடுன்னா காடு, அப்படியொரு காடு நீதிபதி ஐயா! ஓடைத் தண்ணி தேன் மாதிரி. இறங்கின அன்னிக்கே ஆட்டுக்குட்டியைச் சுட்டு விருந்து போட்டோம். பசங்க மூணு நாள் கப்பலுக்கே வர மாட்டேன்னுட்டானுங்க."

பஸ்தியானுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அவனும் முன்னாள் மாலுமிதான். எந்தத் தீவில் இறங்கினாலும் முதலில் ஆட்டுக்கறி தின்ற ஞாபகம்தான் அவனுக்கு.

"சிலுவை எதுவும் கண்ணுல படலையா?" என்று மார்ட்டிம் கேட்டார்.

"பட்டிருந்தா மண்டி போட்டுக் கும்பிட்டிருக்க மாட்டேனா? நானும் ஞானஸ்நானம் வாங்கினவன்தானே?"

அந்த நேரம் பார்த்துப் பஸ்தியான், "ஐயையோ, என் தொப்பி!" என்று அலறினான். குனிந்திருந்தவனின் தலையிலிருந்து தொப்பியை உருவி ஆடு நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

தவெய்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கோவிச்சுக்காதீங்க அமீனா! தீவுல பிடிச்ச ஆடு, ஊர் மரியாதை தெரியாது. ஆனா பால் அமிர்தம். நாளைக்கு இளவரசருக்குக் காணிக்கையா அனுப்பப் போறேன்."

மார்ட்டிம் ஆட்டின் அருகே போய் அதன் காதுகளைத் தடவிக் கொடுத்தார். அது கண்ணை மூடி அவர் கையில் முகத்தைச் சாய்த்துக்கொண்டது.

"ரொம்ப சாதுவா இருக்கே," என்றார்.

திரும்பும் வழியில் பஸ்தியான் புலம்பித் தீர்த்தான். "கட்டை ஒவ்வொண்ணையும் பார்த்துட்டேன் எஜமான். ஒரு துப்பும் இல்ல. தொப்பி போனதுதான் மிச்சம்."

"கட்டையைப் பார்த்தே. தொப்பியைத் தின்னது யாருன்னு பார்க்கலையே," என்றார் மார்ட்டிம். தலைகீழாக நின்று கேட்டும் அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. லியனோரையும் துவார்த்தேயையும் காலையில் சுங்கச்சாவடிக்கு அழைத்து வரச் சொன்னார். அவள் மட்டும் கூப்பிடும்வரை மதிலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும் என்றார்.

மறுநாள் சுங்கச்சாவடி முற்றத்தில் எள் போட இடமில்லை. அதிகாரி நடுவில் அமர்ந்திருந்தார். தவெய்ரா பட்டுச் சட்டையில் நின்றான். அவன் பின்னால் மாலுமிகள் காணிக்கைகளோடு நின்றார்கள். ஓரத்தில் துவார்த்தே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "மேகம் கறுக்குது, ஒதுங்குங்க!" என்று எவனோ கத்த, கூட்டம் சிரித்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றார் மார்ட்டிம். "தவெய்ரா, இங்க இருக்கிற காணிக்கை எல்லாம் அந்தத் தீவுல கிடைச்சதுதானே? வழியில வாங்கினது ஒண்ணும் இல்லையே?"

"எல்லாம் தீவுலதான்!" அவன் கேட்காமலேயே வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தான். "சத்தியம்!" மாலுமிகளும் ஆமாம் போட்டார்கள்.

மார்ட்டிம் மதில் பக்கம் திரும்பினார். "லியனோர், நீ உள்ள வராதே. அங்கிருந்தே உன் ஆட்டைக் கூப்பிடு."

"செத்த ஆட்டையா ஐயா?" குரல் மட்டும் வந்தது.

"கூப்பிடும்மா."

"பிந்தா... பிந்தாக்கண்ணு! வாடி, வா வா!"

புள்ளி ஆடு காதை நிமிர்த்தியது. கயிற்றைப் பிடித்திருந்த மாலுமியை ஒரே இழுப்பில் குப்புறத் தள்ளியது. அதிகாரியின் காலை மிதித்துக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, வாசல் தாண்டி ஓடியது. எல்லோரும் எட்டிப் பார்த்தபோது லியனோர் தரையில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுகொண்டிருந்தாள்.



"இடது காதுல ரெண்டு வெட்டு இருக்கும்," என்றான் துவார்த்தே. அன்று அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இருக்கு. நேத்தே தடவிப் பார்த்துட்டேன்," என்றார் மார்ட்டிம். "நம்ம ஆளுங்க புதுத் தீவுல இறங்கினா என்ன செய்வாங்க? ஆட்டை அவிழ்த்து விடுவாங்க. பின்னால வர்றவன் பட்டினி கிடக்கக் கூடாதுன்னு. நாம எல்லாரும் பின்னால போனவங்களாவே இருந்துட்டோம். அதனால தெருன்னா நாய் இருக்கும், தீவுன்னா ஆடு இருக்கும்னு மனசுல பதிஞ்சு போச்சு. யாருமே கால் வைக்காத தீவுக்கு ஆடு எப்படி வந்துச்சு தவெய்ரா? நீந்தியா?"

பஸ்தியானுக்குச் சுருக்கென்றது. கறி என்றதும் எச்சில் விழுங்கியவன்தானே அவனும்!

"வேற... வேற எவனாவது விட்டிருப்பான். பக்கத்து நாட்டுக் காஸ்டில்காரன்..."

"காஸ்டில்காரன் ஆட்டுக்கு லியனோர் குரல் எப்படித் தெரியும்?"

 தவெய்ராவின் பின்னாலிருந்த வயதான மாலுமி ஒருவன் தடாலென்று மண்டியிட்டான். "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன் ஐயா! சிலுவையை வெட்டி, அந்த விறகுலயே குட்டியைச் சுட்டார். அந்தக் கறியை நான் தொடலை, மாதா சத்தியமா!"

கூட்டம் மொத்தமும் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டது.

"துவார்த்தே பார்த்தது மேகம்னு நாமதான் சிரிச்சோம்," என்று மார்ட்டிம் அதிகாரியிடம் சொன்னார். "மேகத்துல ஆடு மேயாது ஐயா."

அதிகாரி மிதிபட்ட காலைத் தேய்த்துக்கொண்டே, தீவு துவார்த்தேயுடையது என்று அறிவித்தார்.

துவார்த்தே மனைவியோடும் ஆட்டோடும் கிளம்பினான். வழக்கமாக மீன் சந்தையைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறவன் அன்று சந்தை நடுவிலேயே நடந்தான். தன் தொப்பி போன கதையை அவனிடம் சொல்லிக்கொண்டே பின்னால் போன பஸ்தியானுக்கு அதைப் பார்க்கவே மனம் நிறைந்தது. மீன்காரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் அவர்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏம்ப்பா மேகத் தீவுக்காரரே, அந்த மேகத்துல எங்களுக்கும் ஒரு குடிசை போட இடம் கிடைக்குமா?"

துவார்த்தே நின்று அவளைப் பார்த்தான். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"வா. ஆனா தொப்பி போட்டுக்கிட்டு வராதே," என்றான்.