கடல்கன்னி இழுத்த மூச்சு

கடல்கன்னி தலைகீழாக மிதக்க ஆரம்பித்ததும் குழந்தைகள் கைதட்டினார்கள். புது வித்தை என்று நினைத்துவிட்டார்கள். பெரியவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

கண்ணாடியை ஒட்டிய மேசையில் இருந்த இன்ஸ்பெக்டர் மட்டும் எழுந்து நின்றாள்.

"ஏய், ஏதோ தப்பா இருக்குடி."

"அவ நடிப்பா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான். உட்காரு, மீன் ஆறிடும்," என்றாள் எதிரே இருந்த தோழி. தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அது அவளுடைய உணவகம். தீவுக்கு வரும் பயணிகளில் பாதிப் பேர் ஒரு வேளையாவது அங்கே சாப்பிடாமல் படகேறமாட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு வீடு கொள்ளும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி, பவளப்பாறை, வண்ண மீன்கள். மதியக் காட்சியில் மீன்வால் மாட்டிய பெண் ஒருத்தி நீந்துவாள். பாறை இடுக்கில் ஒளித்து வைத்திருக்கும் ரப்பர் குழாயை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துக்கொள்வாள். பிறகு சிரித்தபடி கண்ணாடிப் பக்கம் வந்து குழந்தைகளுக்குக் கையசைப்பாள். அந்தக் காற்றை அனுப்புவது பின்பக்கக் கொட்டகையில் இருக்கும் கம்ப்ரசர். அதைப் பார்த்துக்கொள்வது கடல்கன்னியாக நீந்துபவளின் புருஷன். சமையல்கட்டில் அவனுக்கு 'மூச்சு மாஸ்டர்' என்று பெயர்.

முந்தின நாள்தான் தோழி போன் செய்திருந்தாள். "குண்டூசி, நாளைக்கு மதியம் சாப்பிட வாடி. உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!" பள்ளிக்கூடத்தில் வைத்த பெயரால் இன்னும் கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். குட்டித் தீவு அது. எல்லாருக்கும் போலவே இன்ஸ்பெக்டருக்கும் சைக்கிள்தான். யூனிபார்மை மாற்றிக்கொண்டு உற்சாகமாக மிதித்து வந்திருந்தாள்.

சூப் வந்தது, வறுத்த இறால் வந்தது. பழைய டீச்சர்களைப் போல இரண்டு பேரும் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். தோழி கார் சாவியும் கதவுச் சாவிகளும் கோத்த கொத்தை மேசைமேல் வைத்து, பேச்சுவாக்கில் அதை உருட்டிக்கொண்டே இருந்தாள். காட்சி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது.

"கரண்ட் போயிடுச்சு போல," என்றாள் தோழி.

தொட்டிக்குள் நீல விளக்குகள் ஜொலித்தன. கடல்கன்னியின் வால் அந்த வெளிச்சத்தில் மின்னி மின்னித் திரும்பியது. அவள் இரண்டாவது முறை குழாயை வாயில் வைத்தபோது முகத்தைச் சுளித்தாள். குழந்தைகள் அதற்கும் சிரித்தார்கள். வாலை உதறிவிட்டு மேலே போக நினைத்தவள்போல் நிமிர்ந்தாள். பாதித் தூரம்கூடப் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கையால் அறைந்தாள். கடல்கன்னியிடம் எந்த அசைவும் இல்லை என்று தெரிந்ததும் பின்வாசலுக்கு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் மூச்சு மாஸ்டர் தொட்டிக்குள் குதித்துப் பெண்டாட்டியை மேலே இழுத்துப் போட்டிருந்தான். அவளுடைய உதடு, கன்னமெல்லாம் சிவந்து கிடந்தது.

"பேசும்மா... பேசு..." என்று அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

தள்ளுவண்டியில் வைத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருந்தது. நினைவு இல்லை.

"தண்ணி குடிச்சதால வந்த மயக்கம் இல்ல," என்றார் டாக்டர். "ரத்தத்துல விஷப்புகை ஏறியிருக்கு. இன்ஜின் புகை. இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருந்தா நீங்க என்கிட்ட வந்திருக்கவே வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூட்டிக்கொண்டு உணவகத்துக்குத் திரும்பினாள். கொட்டகைக்கு வெளியே பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கம்ப்ரசருக்குக் காற்று எடுக்கும் குழாயின் வாய் கூரை உச்சியில் இருக்கவேண்டியது. யாரோ கிளிப்பைக் கழற்றி, அதைக் கீழே இழுத்து, ஜெனரேட்டரின் புகைப்போக்கிக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். ஜெனரேட்டர் கக்கிய புகை நேரே கம்ப்ரசருக்குள் போய், அங்கிருந்து அந்தப் பெண்ணின் வாய்க்குள் போயிருக்கிறது.

மூச்சு மாஸ்டர் ஈர உடையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

"காட்சிக்கு முன்னாடி காத்தைச் சோதிச்சீங்களா?"

"எப்பவும் நான் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன், மேடம். சுத்தமா இருந்துச்சு."

"மேல இருந்த குழாய் கீழ வந்தது தெரியாதா?"

"காலையில மேலதான் இருந்துச்சு. அப்புறம் படகுத்துறைக்குப் போயிட்டு வந்தேன். அவசரத்துல நேரா உள்ள போயிட்டேன், வெளிய பார்க்கல."

"படகுத்துறைக்கு எதுக்கு?"

"ஐஸ் பெட்டி வந்திருக்குன்னு முதலாளியம்மா அனுப்பினாங்க. போய்ப் பார்த்தா எந்தப் பெட்டியும் வரல."

"ஜெனரேட்டரை யார் போட்டது?"

"நான் போடல, மேடம். அதுவா ஓடுச்சு. காட்சி நடக்கும்போது கம்ப்ரசர் மீட்டர் முள்ள விட்டு நான் கண்ணை எடுக்கமாட்டேன். கரண்ட் போயிருக்கும், வேற யாரோ போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

ஏட்டு மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டார். அன்றைக்குத் தீவில் எங்கேயுமே கரண்ட் போகவில்லை.

"அதுவா ஓடுச்சாம்!" என்று ஏட்டு பல்லைக் கடித்தார். "கொட்டகைக்குள்ள இவனைத் தவிர ஒரு ஈ, காக்கா கிடையாது. சமையல்கட்டு ஆளுங்க அத்தனை பேரும் அடுப்படியில இருந்திருக்காங்க."

சாட்சி சொல்லவே வாய் வராதவள்போல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மீதியைத் தோழி சொன்னாள். "எப்படிடி சொல்றது? ரெண்டு பேரும் என் கையால வளர்ந்த மாதிரி. தட்டு கழுவ வந்தவளுக்கு நான்தான் நீச்சல் கத்துக் குடுத்தேன். முந்தாநாள் ரெண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை. பக்கத்துத் தீவுல புதுசா வந்திருக்கற பெரிய ஓட்டல்ல அவளைக் கூப்பிட்டிருக்காங்க, இவனை வேணாம்னுட்டாங்க. எந்த ஆம்பளை தாங்குவான், சொல்லு?"

சண்டையைச் சமையல்கட்டே கேட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அவனிடமே கேட்டாள்.

"எதுக்குச் சண்டை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள, மேடம்."

"சொல்லலைன்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"சொல்லமாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

சாயங்காலம் அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்வரை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

மறுநாள் காலையில் ஏட்டு வியர்க்க விறுவிறுக்க ஸ்டேஷனுக்குள் வந்து, சைக்கிளைச் சுவரோரம் சாத்தினார். "இந்த மேட்டுல மிதிச்சு மிதிச்சே என் முட்டி போச்சு, மேடம். வாழ்க்கையில ஒரு தடவையாவது கார் சாவியைக் கையில புடிக்கணும். அதுக்கும் இந்த ஊர்ல வழியில்ல."

இன்ஸ்பெக்டர் தேநீரைக் குடிக்காமல் வைத்தாள். அவள் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்து ஏட்டு பதறினார்.

"என்ன மேடம், உடம்பு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. வாங்க போலாம்."

உணவகத்தில் மேசை விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் காட்சி கிடையாது என்று வாசலில் அட்டை தொங்கியது. தோழி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியாடி? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

"உட்காரு," என்றாள் இன்ஸ்பெக்டர். நேற்று உட்கார்ந்த அதே மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். "ஒரே ஒரு கேள்வி. உன் கார் எங்கடி?"

தோழி சிரித்தாள். "காரா? இந்தத் தீவுல ஏதுடி காரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நேத்து உன் சாவிக்கொத்துல கறுப்பா, பட்டன் வச்ச கார் சாவி ஒண்ணு இருந்துச்சே. அது எந்தக் காருக்கு?"

சிரிப்பு அப்படியே நின்றது. விரிப்பு போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

"நானும் அதைப் பார்த்தேன். கார் சாவின்னே நெனச்சேன்," என்றாள் இன்ஸ்பெக்டர். "கார் ஓடற ஊர்ல படிச்சவங்க இல்லையா நாம, கண்ணுக்குப் பழகினது அப்படி. வர்ற வழியில ஜெனரேட்டர் வித்த கடைக்குப் போன் பண்ணினேன். தூரத்துல இருந்தே ஸ்டார்ட் பண்ண ஒரே ஒரு ரிமோட் குடுத்தாங்களாம். முதலாளியம்மா கையிலதான் குடுத்தாங்களாம்."

"அது... எங்கயோ தொலைஞ்சு போச்சு."

"கைப்பையைத் திறக்கறியா, இல்ல ஏட்டு திறக்கட்டுமா?"

தோழி பையைத் திறந்து அந்தக் கறுப்புச் சாவியை மேசைமேல் வைத்தாள். இன்ஸ்பெக்டர் அதை எடுத்து அழுத்தினாள். பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. தொட்டியின் நீல விளக்குகள் கண் சிமிட்டக்கூட இல்லை.

"நேத்தும் இப்படித்தான். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியிருந்தா விளக்கு ஒரு தடவையாவது அணைஞ்சு எரிஞ்சிருக்கணும். அணையவே இல்ல. ஆனா சத்தம் கேட்டதும் நீ 'கரண்ட் போயிடுச்சு'ன்னு சொன்ன. எனக்குச் சொல்லணும்னு முன்னாடியே யோசிச்சு வச்சிருந்த. இல்லாத ஐஸ் பெட்டிக்கு அவனைப் படகுத்துறைக்கு அனுப்பிட்டு, குழாயை நீயே இறக்கிச் செருகின. அவன் காத்தைச் சோதிப்பான்னு உனக்குத் தெரியும். அதனாலதான் காட்சி ஆரம்பிக்கறவரைக்கும் காத்திருந்து, என் எதிர்லயே உட்கார்ந்து, என்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டே பட்டனை அழுத்தின."

"சாகணும்னு நெனைக்கலடி!" தோழியின் குரல் உடைந்தது. "சத்தியமா இல்ல. தண்ணிக்குள்ள மயங்கி விழறவளை எந்த ஓட்டல்காரன் எடுப்பான்? அதுக்காகத்தான். நான் ஆளாக்கினவடி அவ. என்னை விட்டுட்டுப் போகப் போறான்னு வெளிய இருந்து யாரோ வந்து சொல்றாங்க. அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத் துரோகம் பண்ணினது அவ!"

"அவன் என்ன பண்ணினான்? உன் வாயாலதானே அவனைக் காட்டிக் குடுத்த?"

தோழி மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸ்காரியைக் காரியம் இல்லாம யாரும் சாப்பிடக் கூப்பிடமாட்டாங்க," என்றாள் இன்ஸ்பெக்டர். "நீ ஒருத்திதான் சும்மா கூப்பிட்டேன்னு சந்தோஷமா வந்தேன். எந்தப் புடவை கட்டறதுன்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன். உனக்குத் தேவைப்பட்டது சாட்சி. எந்தக் கோர்ட்டும் சந்தேகப்படாத சாட்சி."

"குண்டூசி..."

"அப்படிக் கூப்பிடாத."

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். ஏட்டிடம் தலையசைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மூச்சு மாஸ்டரை விடுவித்து அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மதியத்துக்குள் அவன் பெண்டாட்டிக்கு நினைவு வந்துவிட்டது. புருஷனைப் பார்த்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. பேச்சு திக்கித் திக்கி வந்தது.

"அக்கா வரலையா?"

முதலாளியம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். எல்லாம் அவனுக்குத் தெரியும். வழியிலேயே அவள் சொல்லியிருந்தாள்.

"வருவாங்க," என்றான் மெதுவாக. "நீ தூங்கு."

"அந்த ஓட்டல் விஷயத்தைச் சொல்லிடலயே?"

"சொல்லல."

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் அவனை நிறுத்தினாள். "சண்டை எதுக்குன்னு இப்பவாவது சொல்லுங்க."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "அந்த ஓட்டல்காரங்க ரெண்டு பேரையுமே கூப்பிட்டாங்க, மேடம். இங்க கிடைக்கறதை விட எவ்வளவோ நல்ல வாழ்க்கை. இவ முடியாதுன்னு சொல்லிட்டா. 'அக்காவை விட்டுட்டு வரமாட்டேன், கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சாலே அக்கா மனசு கஷ்டப்படும், யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டா. அதுக்குத்தான் நான் கத்தினேன்."

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது தோழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் படகுக்காக ஏட்டு வாசலில் காத்திருந்தார்.

"பொழைச்சுட்டாளா?" என்று தோழி கேட்டாள்.

"பொழைச்சுட்டா. அவ போறதா இல்ல. உன்னை விட்டுட்டு வரமாட்டேன்னு அந்த ஓட்டலுக்கு முன்னாடியே சொல்லி அனுப்பிட்டா. அதுக்குத்தான் புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை."

தோழி புரியாதவள்போல் அவளையே பார்த்தாள். வாய் கோணியது. முந்தானையைத் தேடிய கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

படகு வந்துவிட்டதாக ஏட்டு குரல் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் கதவை அகலத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றாள்.