இளங்கோவின் ஏழு சீசாக்கள்

என் தம்பி இளங்கோவன் தண்ணீரை ஒளித்து வைக்கிறான் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். பந்து தேடிக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தபோது ஒரு தகரப் பெட்டி தலையில் இடித்தது. திறந்தால் உள்ளே ஏழு சீசாக்கள். இருமல் மருந்துச் சீசா, மைச் சீசா, தேன் சீசா என்று விதவிதமாக. எல்லாவற்றிலும் தண்ணீர்.

அது 1989, மே மாதம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்தாலே அதிசயம். அன்று அம்மா குடங்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தார். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாலரை மணிச் சங்கு ஊதிய பிறகுதான் சைக்கிளை எடுப்பார். வீட்டில் நானும் இளங்கோவும் மட்டும். எனக்குப் பதினொரு வயது. அவனுக்கு ஆறு, முன்பல் இரண்டும் கிடையாது.

அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். பிறகு, எலி கொண்டுவந்து வைத்திருக்கும் என்றான். எலி மூடி போட்டுத் திருகுமா என்று கேட்டதும் அழ ஆரம்பித்தான். அழுகிறான், ஆனால் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்போதுதான் அவன் உதட்டைக் கவனித்தேன். வெடித்து, ரத்தம் காய்ந்திருந்தது. கையைத் தொட்டால் சுட்டது.

"காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?"

"குடிக்கல. எனக்குக் குடுத்ததெல்லாம் சீசால ஊத்திட்டேன்."

மெல்ல மெல்ல விஷயத்தைக் கறந்தேன். போன வாரம் அப்பா பேப்பரைப் படித்துவிட்டு, புகையால் பூமி வருஷா வருஷம் சூடாகிக்கொண்டே போகிறதாம், ஏரி குளமெல்லாம் வற்றிவிடுமாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள், தெருக்குழாய்க்கு வால்வு திறந்துவிடும் காஜா பாய் யாரிடமோ, "கல் பானி நை ஆயா" என்று சொன்னது இவன் காதில் விழுந்திருக்கிறது. இந்தி வகுப்பில் 'கல்' என்றால் நாளை என்று படித்திருந்தான். அப்படியானால் நாளைக்குத் தண்ணீர் வராது. நாளைக்கு வந்துவிட்டாலும், அதற்கும் ஒரு நாளை இருக்கிறதே. அதனால் தினமும் சேர்த்து வைத்தானாம்.

"டேய் மக்கு," என்றேன். "இந்தில நேத்துக்கும் கல்தான், நாளைக்கும் கல்தான். நேத்து தண்ணி வரலைன்னுதான் காஜா பாய் சொல்லியிருக்காரு."

சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நாளைக்கு வருமாக்கா?"

வரும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை. அப்பா படித்ததை நானும்தான் கேட்டிருந்தேன். யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே பயந்துகொண்டிருந்தேன்.

"தெரியலடா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவன் நகர்ந்து என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான். தண்ணீர் டம்ளரை நீட்டினேன். "நக்கோ, வேணாம்" என்று வாயை இறுக்க மூடிக்கொண்டான். மணி நாலு ஐந்து. சங்கு ஊதுவதற்குள் குடிக்காவிட்டால் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அதற்கும் அவன் அசையவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்தேன். போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது. ஒரு தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டேன்.

"பயத்த வரையலாமா?"

"அதுக்குக் கை காலே இல்லியே."

"அப்ப கை கால் போடாத."

அடுப்புக்கரி, மஞ்சள்தூள், துணிக்குப் போடும் நீலம் எல்லாம் கொண்டுவந்தேன். கொல்லையில் கிடந்த செங்கல்லைத் தட்டிப் பொடியாக்கினேன். இளங்கோ கரியை எடுத்து ஒரு வட்டம் போட்டான். அதன் மேலேயே சுற்றிச் சுற்றி, தாள் கிழிகிற வரைக்கும் கிறுக்கினான். நான் செங்கல் பொடியை அப்பினேன். ஒட்டவில்லை. மின்விசிறிக் காற்றில் பறந்து நேராக என் மூக்கில் ஏறியது. நான் மூன்று தும்மல் போட, இளங்கோ சிரித்தான். உடனே உதடு வலித்து 'ஸ்' என்றான்.

"தண்ணி கலந்தாத்தான் ஒட்டும்," என்றேன். "நான் எடுக்க மாட்டேன். சீசா உன்னுது."

அவன் பெட்டியைப் பார்த்தான். மணி நாலு இருபது. கடைசியில், இருப்பதிலேயே சின்னதான மைச் சீசாவை எடுத்து மூடியைத் திருகினான். ஒரு சொட்டு. இரண்டு சொட்டு. செங்கல் பொடி குழைந்து சிவந்தது. அதில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தாளில் தேய்த்தான். வீடு இல்லை, மரம் இல்லை, மனிதர் இல்லை. சிவப்பும் கருப்பும் மஞ்சளும்தான். ஆனால் பார்த்ததும் இந்த மே மாதம்தான் என்று எனக்குப் புரிந்தது.

நீலத்தைக் கரைக்கத் தேன் சீசாவைத் திறந்தான். நீலம் சிவப்புக்குள் ஓடியது.

"அக்கா, அது தானாப் போகுது," என்று குனிந்து பார்த்தபடியே, கையிலிருந்த சீசாவை வாய்க்குக் கொண்டுபோய்க் குடித்தான்.

நான் படத்தைப் பார்ப்பது மாதிரி நடித்தேன்.

"லேசா இனிக்குது," என்றான். மீதியையும் குடித்தான். பிறகு இருமல் மருந்துச் சீசாவைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, என் டம்ளரை வாங்கிக்கொண்டான். அவன் அதைக் காலி செய்தபோது சங்கு ஊதியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "மங்கையர்க்கரசி" என்று அம்மா என்னை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடி விழப்போகிறது என்று அர்த்தம். அன்று முழுப்பெயரைச் சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டார். இளங்கோவுக்கு உப்புப் போட்டு மோர் கொடுத்தார்.

அப்பா படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தாளின் வலது ஓரம் வெள்ளையாகவே இருந்தது. அடியில் இளங்கோ 'கல்' என்று எழுதியிருந்தான்.

"எங்கடா கல்லு? ஒண்ணையும் காணோமே."

"இது தமிழ்க் கல் இல்லப்பா. இந்திக் கல்."

"நேத்தா, நாளைக்கா?"

இளங்கோ சிவப்பைக் காட்டினான். "இது நேத்து." பிறகு வெள்ளையைக் காட்டினான். "இது நாளைக்கு. என்ன கலர்னு இன்னும் தெரியல."

சொல்லிவிட்டு டவுசரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். தண்ணீர் குடித்த பிறகு அது மூன்றாவது தடவை. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.