கட்டிலோரத்து ஈரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். தரை போடும் மேஸ்திரி, அவர் மனைவி, தொழிலில் அவருக்குத் துணையாக நிற்கும் மகன், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மருமகள், மனைவியின் தம்பி. எல்லோரையும் கப்பல் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு போன புண்ணியவான் அந்தத் தம்பிதான். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்த ஐந்து பேரைத் தவிர யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள்.

மேஸ்திரிக்கு வயது அறுபத்தொன்று. அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் பெயரையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்பது போல அவரும் எங்கே நின்றாலும் நேராக நிற்பார். அவர் அப்பாவும் தரை மேஸ்திரிதான். இரண்டு தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் ஒருவர் நாக்கிலும் சாராயம் பட்டதில்லை. வீடு, வாசல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லாதபோதும் அது இருந்தது.

கப்பலில் இருந்தது ஐந்து நாள். அறைக்குள் நுழைந்த உடனே அவர் கண் தரைக்குத்தான் போனது. கட்டிலில் அவர் படுக்கும் பக்கம், கம்பளத்தில் இரண்டு ஈரத் திட்டுகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அடி இடைவெளி. குனிந்து தடவிப் பார்த்தார். மேலே கூரை காய்ந்து கிடந்தது, குழாய் போவது எதிர்ச் சுவரில். எங்கிருந்து ஒழுகுகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அறையைச் சுத்தம் செய்ய வந்த நடுவயது ஆளிடம் காட்டினார். அவன் வெள்ளைத் துண்டு ஒன்றை இரண்டாக மடித்து, ஏற்கெனவே அளவெடுத்து வைத்தது போல அந்த இடத்தில் விரித்துவிட்டுப் போனான். தினமும் காலையில் ஊறிப்போன துண்டை எடுப்பான், காய்ந்ததை விரிப்பான். இறங்கும் நாளன்று ஈரத் துண்டை எடுத்தவன் வேறு துண்டு விரிக்கவில்லை.

"ஏம்பா, இன்னைக்கு இல்லையா?"

"இனிமே தேவைப்படாதுங்க" என்றான். சொல்லும்போது மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தான்.

கரையில் கால் வைத்ததும் ஐந்து பேருக்கும் தரை ஆடியது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு நாளில் நான்கு பேருக்கு நின்றுவிட்டது. மேஸ்திரிக்கு மட்டும் நிற்கவில்லை.

நின்றால் ஈரச் சாக்கின் மேல் நிற்பது போல இருந்தது. முகம் மழிக்கும்போது ஒரு கை சுவரில் இருக்க வேண்டும். காபி டம்ளரை மேசையில் வைக்கும்போது மேசை ஒரு விரற்கடை கீழே போய்க் காத்திருக்கும். காது மருத்துவர் இரண்டு காதையும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சரியாக இருந்தால் நான் ஏன் ஐயா சுவரைப் பிடிக்கிறேன் என்று கேட்டுவிட்டு வந்தார்.

"சிலருக்கு இப்படி இருக்கும் மாமா" என்றாள் மருமகள். "மூளை கடலுக்குப் பழகிடுச்சு. தரைக்குத் திரும்பிப் பழகணும். ஒரு மாசம் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம். வண்டியில போனா சரியா இருக்கும், எறங்கினா மறுபடி வரும்."

அப்படியேதான் இருந்தது. சாமான் ஏற்றும் வேனில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது தலை கல் போல நின்றது. வண்டி நின்றால் உலகம் அசையத் தொடங்கும். தெருவைச் சுற்றிச் சுற்றி எத்தனை தடவை போவது?

"மச்சான், பேசாம வேன்லயே கட்டில் போட்டுடலாம்" என்றான் மைத்துனன். "அக்காவுக்கும் ஊர் சுத்தின மாதிரி இருக்கும்."

"நீ வாய மூடு. உன்னாலதான் இவ்வளவும்" என்றாள் அக்கா.

ஒன்றை மட்டும் மேஸ்திரி யாரிடமும் சொல்லவில்லை. வெளியே ஆட்டம் எல்லாப் பக்கமும் அலைந்தது. கட்டிலில் படுத்தால் மட்டும் அது ஒரே பக்கத்திலிருந்து வந்தது. ஒரு தள்ளல், ஒரு விடுதல், பிறகு கொஞ்சம் காத்திருந்து மறுபடி ஒரு தள்ளல். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள்.

பதினெட்டாம் நாள் அவமானம் வந்தது. ஒரு மருத்துவமனையின் அறுவை அறைக்குத் தரை போடும் வேலை அவர் கையில் இருந்தது. காலை ஒன்பது மணி, ஈரக் கலவையின் வாசனை, பத்துப் பன்னிரண்டு ஆட்கள். மேஸ்திரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பொறியாளர் பார்த்தார். மகன் வயதுதான் இருக்கும்.

"பெரியவரே, கொஞ்சம் கிட்ட வந்து ஊதுங்க."

நாற்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஊதினார். காபி வாசனை மட்டும் வந்தது.

"காலையில இல்லன்னா நேத்து ராத்திரி போட்டது" என்று பின்னால் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

"ஒரு மாசம் ஓய்வெடுங்க. மகன் பாக்கட்டும்" என்றார் பொறியாளர்.

சாயங்காலத்துக்குள் தெருமுனைக் கடை வரை செய்தி வந்துவிட்டது. ரசமட்டம் தண்ணியில மிதக்குதாம் என்று. மேஸ்திரி வீட்டுக்கு வந்து ரசமட்டத்தை எடுத்து ஒவ்வோர் அறையாகத் தரையில் வைத்துப் பார்த்தார். கால் ஆடியது, கண் ஆடியது, குமிழி நடுவிலேயே நின்றது. திருப்பி வைத்தார். குறுக்கே வைத்தார். அன்றிலிருந்து ஐந்து நாள் இதே வேலை.

"ஏங்க, இந்த வீட்ட எத்தனை தடவைதான் அளப்பீங்க?" என்றாள் மனைவி.

"தரை ஆடுதுன்னு ஒரே ஒரு தடவை காட்டிட்டேன்னா போதும். அப்புறம் எவன் என்ன பேசுறான்னு பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைத்தான் செய்யப் போனார். கலவை அள்ளும் இரும்புச் சட்டியைக் கழுவி, படுக்கையறையில் கட்டிலுக்கு ஓரடி தள்ளி வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். சுற்றிலும், கட்டில் கால் வரை, வெள்ளை சிமெண்டைச் சலித்துத் தூவினார்.

"அது மாவு சலிக்கிற சல்லடை."

"புதுசு வாங்கித் தர்றேன். பேசாம இரு."

தரை சாய்ந்தால் தண்ணீர் வழியும், வழிந்த பக்கம் சிமெண்ட் இறுகும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நானே தட்டிவிட்டேன் என்று ஒருவன் சொல்லக்கூடாது என்பதற்காக, கட்டிலின் தலைமாட்டு வழியாக ஏறிப் படுத்துக்கொண்டு, அந்த இடத்திலும் மருமகளைப் பின்னால் நகர்ந்தபடியே தூவச் சொன்னார். மைத்துனன் வெளியே பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம்.

"நீங்க உள்ள, நான் வெளிய. நாளைக்கு என்னைப் பைத்தியம்னு சொல்லுவாங்க மச்சான்."

"பூட்டுடா."

பூட்டு விழுந்தது.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்திருந்தது. ஜன்னல் மூடியிருந்ததால் அறைக்குள் சிமெண்டின் காய்ந்த வாடை தொண்டையில் உட்கார, தூள் பறக்கும் என்று நிறுத்தி வைத்த மின்விசிறியின் இறக்கைகள் மேலே மங்கலாகத் தெரிய, கூடத்தில் மைத்துனன் ஏதோ சொல்வதும் மகன் அடக்கிச் சிரிப்பதும் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் சட்டியின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். ஆட்டம் வந்தது. தள்ளல், விடுதல், காத்திருத்தல். கட்டிலே நகர்வது போல இருந்தது, தண்ணீர் மட்டும் கண்ணாடித் தகடு போலக் கிடந்தது. அரை மணி நேரம் பார்த்தார். விளிம்பில் ஒரு சொட்டுகூட நடுங்கவில்லை.

வழிந்து தொலையேன் என்று பல்லைக் கடித்தார். ஒரே ஒரு சொட்டு. அறுபத்தொரு வருடம் நேராக நின்றதற்கு அதுகூடவா கிடைக்காது? அப்படியானால் தரை சரி, குமிழி சரி, பொறியாளன் சரி. கோணல் அவர்தான். கண்ணில் நீர் முட்டியது. கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டம் நின்றது.

கட்டிலில் படுத்து இருபத்து மூன்று நாளில் முதல் தடவை. உடம்பு கட்டிலில் பாரமாக இறங்கியது. ஆகா என்று மூச்சை விட்டார்.

மூச்சை இழுத்தபோது சிமெண்ட் வாடை இல்லை. வேறு வாடை. நாள்பட்ட ஈரக் கம்பளம், உப்பு, மூடிய அறை. கப்பல் அறையின் வாடை.

கூடத்துச் சத்தம் கேட்கவில்லை.

சொட்டு விழுந்தது. சட்டியில் இல்லை. தண்ணீரில் விழுந்தால் வேறு சத்தம். இது தூளில் விழுந்த சத்தம். பொத். பிறகு இன்னொன்று. கட்டிலோரம், அவர் முழங்கைக்கு நேரே.

கண்ணைத் திறக்கவில்லை.

பொத்.

கட்டில் சட்டத்தின் மேல் ஏதோ ஊன்றியது. பலகை மெல்ல முனகியது. அந்தப் பக்கம் காற்று குளிர்ந்திருந்தது.

பிறகு ஆட்டம் தொடங்கியது.

தள்ளல். விடுதல். காத்திருத்தல்.

இப்போது தெரிந்தது. கடல் இல்லை. காது இல்லை. மூளை இல்லை.

தள்ளல்.

கத்தினாரா என்று அவருக்கு நினைவில்லை. கத்தினார் என்று வெளியே இருந்த நான்கு பேரும் சொல்கிறார்கள். மைத்துனன் பூட்டைத் திறந்தான். சட்டியில் தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருந்தது. தூவிய சிமெண்ட் எங்கும் கலையாமல் மாவுப் பரப்பாகக் கிடந்தது. கட்டிலோரத்தில் மட்டும் ஒன்றரை அடி இடைவெளி விட்டு இரண்டு பாதங்கள், விரல்கள் கட்டிலைப் பார்த்தபடி, ஈரத்தில் பதிந்து இறுகத் தொடங்கியிருந்தன. வந்த தடம் இல்லை. போன தடம் இல்லை.

மேஸ்திரி டேப்பை எடுத்துவரச் சொன்னார். அளந்தார். ஐந்து பேர் காலையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

"அப்பா, எதுக்கு?"

"வை."

யாருடையதும் ஒக்கவில்லை. அந்தப் பாதம் குறுகலாக, நீளமாக இருந்தது. விரல்கள் எதையோ கவ்வுவது போல அகன்றிருந்தன. முன்பக்கம் ஆழம், குதிகாலும் ஆழம், நடுவில் மேடு. நாற்பது வருடம் ஈர சிமெண்டில் ஆட்களின் கால்தடம் பார்த்தவர் அவர். முன்னும் பின்னும் சாய்ந்து சாய்ந்து, நெடுநேரம், பொறுமையாக ஒருவர் நின்ற தடம் அது.

மறுநாள் பொறியாளர் வீடு தேடி வந்தார். ஆட்களிடம் விசாரித்தாராம், மனசு கேட்கவில்லையாம். மைத்துனன் முந்திக்கொண்டான். "குடியும் இல்ல ஒண்ணும் இல்ல சார். மச்சான் மேல தப்பு இல்லங்கிறதுக்கு உள்ள ரூம்லயே அத்தாட்சி இருக்கு."

"அப்படியா? காட்டுங்க, பாக்கலாம்."

மேஸ்திரி படுக்கையறை வாசலில் நின்றார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. இருபத்து நான்கு நாளாக அவர் கேட்டது இதைத்தான்: ஒருவன் வந்து பார்க்க வேண்டும். மகனைப் பார்த்தார். மகன் கையில் பூச்சுக் கரணை இருந்தது, தாத்தாவுடையது. என்னவோ ஒன்றைப் பின்னால் கூட்டிக்கொண்டு திரியும் வீட்டு ஆட்களைத் தன் வீட்டுத் தரையைத் தொட எவன் விடுவான்? குடிகாரனின் மகனுக்கு வேலை கிடைக்கும்.

"அத்தாட்சி ஒண்ணும் இல்லங்க" என்றார். "குடிச்சிருந்தேன்."

மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். பொறியாளர் தலையசைத்து, வேலையை மகன் பெயரில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். தரை நன்றாக வந்தது என்று கேள்வி.

அந்த அறையை அவர்கள் பூட்டவில்லை. இருக்கிறது இரண்டு அறை, பூட்டினால் எங்கே படுப்பது? மேஸ்திரி அன்று சாயங்காலம் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு துண்டை இரண்டாக மடித்து அதே இடத்தில் விரித்தார். காலையில் எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் உப்புக் கரித்தது. அடுத்த மாதம் ஒருநாள் அடுப்படியில் மனைவி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார்.  

ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். மேஸ்திரி குடித்தார் என்கிறார்கள், அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அவர் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை, அவர் அப்பாவும் குடித்ததில்லை. கொடியில் துணி காயப்போடும்போது பார்த்த அக்கம்பக்கத்தார், அந்த வீட்டில் தினமும் ஒரு துண்டு ஊறிப்போய் வெளியே வருகிறது என்கிறார்கள். அதுவும் தவறு. ஒன்று அவர் பக்கம் விரிப்பது, ஒன்று அவர் மனைவியின் பக்கம் விரிப்பது. இரண்டு துண்டுகள்.