சிவப்புக் கோடு விழுந்த வாய்தா

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கறிஞர் எழிலரசி தன் கறுப்புக் கோட்டை ஆணியிலிருந்து எடுப்பதற்கு முன்பே, ரேணுகாம்பாள் செருப்பைக் கழற்ற மறந்து அலுவலகத்துக்குள் வந்து நின்றார். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார்.

"வக்கீலம்மா, நான் எப்போ வழிய எழுதிக் குடுத்தேன்? நீங்களே சொல்லுங்க."

அவருடைய ஒன்றரை ஏக்கருக்குப் போக ஒரே ஒரு வண்டிப் பாதைதான் உண்டு. அது பங்காளி சின்னசாமியின் நிலத்தை ஒட்டிப் போகிறது. அந்தப் பாதைக்காக மூன்று வருடமாக வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை பாதையை அடைக்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. நேற்று மாலை சின்னசாமி அதே பாதையில் முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்.

"கேட்டா, 'நீதான் கையெழுத்து போட்டு சமாதானமா போயிட்டியே, இனிமே இன்னா வழி?'ன்னு சிரிக்கிறான். நெல்லு முத்தி சாஞ்சு நிக்குது. வெள்ளிக்கிழமை அறுப்பு மெஷினுக்கு சொல்லியிருக்கேன். அது என்ன, பறந்தா போவும்?"

எழிலரசி மேசைமேல் இருந்த உறையைப் பிரித்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேற்று மாலை அனுப்பிய மனுவின் நகல் அது. இரு தரப்பும் வெளியிலேயே சமரசம் செய்துகொண்டார்கள், அதன்படி வழக்கை முடித்து வைக்க வேண்டும் என்பது மனு. கூடவே ஒரு பக்க ஒப்பந்தம். மனு வரும் வியாழக்கிழமை, பத்தொன்பதாம் தேதி விசாரணைக்கு வருகிறது.

ரேணுகாம்பாள் அந்தப் பக்கத்தை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"கையெழுத்து என்னுதுதான்" என்றார். "ஆனா நான் போடல."

குமாஸ்தா கண்ணாயிரத்துக்கு உடம்பு சிலிர்த்தது. ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருடமாகக் கேஸ் கட்டு சுமந்து, வாய்தா குறித்து, நகல் மனு போட்டு அலுத்தவர். இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தார். பழைய பத்திரங்களில் முத்திரை பார்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"போர்ஜரி மேடம்! கைரேகை எடுத்துடலாமா? வீட்ல பவுடர் இருக்குது."

"இது ஜெராக்ஸ் அண்ணா. பவுடரை முகத்துக்குப் போடுங்க" என்றார் எழிலரசி. "வரிகளைப் பாருங்க. மேல பத்து வரி ஆற அமர நடக்குது. கடைசி அஞ்சு வரி பஸ்ஸுக்கு ஓடுது. ஏன்?"

கண்ணாயிரம் பார்த்தார். கீழே வர வர வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. எல்லாம் ரேணுகாம்பாளின் கையெழுத்துக்கு ஒரு விரல் மேலே வந்து மூச்சுவாங்கி நின்றன.

"கையெழுத்து முன்னாடியே இருந்திருக்குது. அதுக்கு மேல மேட்டரை அடக்கியிருக்காங்க!"

"ஆமா. வெத்துத் தாள்ல போட்ட கையெழுத்து."

அந்த வெற்றுத் தாள் எங்கிருந்து வந்தது என்று மூவருக்கும் தெரியும்.

வழக்கறிஞர் அலுவலகங்களில் வெளியில் சொல்லாத ஒரு பழக்கம் உண்டு. கட்சிக்காரர் வக்காலத்தில் கையெழுத்துப் போட வரும்போதே, கூட இரண்டு மூன்று வெற்றுத் தாள்களிலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். திடீரென்று ஒரு மனு போட வேண்டியிருக்கும். அதற்காகக் கிராமத்திலிருந்து ஆளை வரவழைத்தால் ஒரு நாள் வேலை கெடும். அந்தத் தாளில் மனுவை அச்சடித்தால் காரியம் முடிந்தது. தவறுதான் என்று எல்லோருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தில் செய்வதால் யாரும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. எழிலரசியும் விடவில்லை.

கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். ரேணுகாம்பாள் மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தார். இருந்தவை இரண்டு.

"அப்போ நம்ம ஆபீஸ்லயே திருடன்" என்று கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினார். "யாரு யாரு இந்தக் கட்டைத் தொட்டாங்கன்னு பார்க்கணும்."

"பார்ப்போம். பீரோ சாவி உங்ககிட்ட. ஒண்ணாந்தேதியிலேர்ந்து கட்டு ஜூனியர் இனியா மேசை மேல. அச்சு எடுக்க நடுவுல ஒரு தடவை கோர்ட் வாசல் டைப்பிங் கடைக்குப் போச்சு, வினோதினிகிட்ட. வேற யாராவது?"

"என்னையும் சேர்த்தா எண்ணுறீங்க?"

"ஆமா. உட்காருங்க."

கண்ணாயிரம் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியை மெதுவாக மேசையில் வைத்தார். ரேணுகாம்பாள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"நாலாந்தேதி, புதன்கிழமை பாலாஜி வந்தான் மேடம்" என்றார் கண்ணாயிரம், அவசரமாக. பாலாஜி இங்கே நான்கு வருடம் ஜூனியராக இருந்தவன். ஜனவரியில் விலகி, செங்கம் சாலையில் தனி அலுவலகம் திறந்திருந்தான். "தன்னோட கேஸ்ங்களுக்கு அடுத்த தேதி குறிச்சிக்கணும்னு டைரி கேட்டான். குடுத்தேன். நீங்க கோர்ட்ல இருந்தீங்க, இனியாவும் உங்ககூட. நான் டீ வாங்கப் போயிருந்தேன்."

எழிலரசி ஒப்பந்தத்தின் முதல் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். 'பிப்ரவரி 12ஆம் தேதி, வழக்கு விசாரணைக்காகத் திருவண்ணாமலை வந்திருந்த இடத்தில், இரு தரப்பாரும் பேசி...' என்று தொடங்கியது அது.

"தேதி எப்படி இருக்கு?"

"அச்சுல இருக்குது."

"நாம எப்படிப் பண்ணுவோம்?"

கண்ணாயிரத்துக்குப் புரிந்துவிட்டது. எந்த வக்கீல் ஆபீஸிலும் தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டுத்தான் அச்சடிப்பார்கள். கட்சிக்காரர் நாளைக்கு வருகிறேன் என்பார், நான்கு நாள் கழித்து வருவார். கையெழுத்துப் போடும் அன்றைக்குப் பேனாவால் தேதியை நிரப்புவதுதான் வழக்கம். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தவன் மட்டுமே தேதியையும் சேர்த்து அச்சடிக்க முடியும்.

"எம்மா, பன்னிரண்டாம் தேதி நீங்க எங்க இருந்தீங்க?" என்று எழிலரசி ரேணுகாம்பாளிடம் கேட்டார்.

"எங்க இருப்பேன்? நூறு நாள் வேலைக்குப் போனேன். ஏரிக் கால்வாய் தூர் வாரினோம். காலையில ஒரு தபா, மத்தியானம் ஒரு தபா நிக்க வச்சு போன்ல போட்டோ புடிப்பாங்களே, அதுல இருப்பேன்."

எழிலரசி அலுவலக டைரியை எடுத்தார். வழக்கறிஞருக்கு டைரிதான் ஞாபகம். ஒவ்வொரு வழக்கும் அடுத்த வாய்தா எந்த நாளோ அந்த நாளின் பக்கத்தில் எழுதப்படும். அன்று காலை பக்கத்தைத் திறந்தால் எந்தக் கோர்ட்டுக்கு ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில், கண்ணாயிரத்தின் கையெழுத்தில், 'ரேணுகாம்பாள், சாட்சி விசாரணை, கட்சிக்காரர் அவசியம் வரணும்' என்று இருந்தது. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் இனியாவின் கையெழுத்தில், '19க்கு. திருத்தியது 5/2.'

"இது இன்னா அண்ணா?"

கண்ணாயிரம் காதைச் சொறிந்தார். "ரெண்டாந்தேதி ஒரே கூட்டம் மேடம். இந்தக் கேஸும் செங்கம் பாகப்பிரிவினைக் கேஸும் அடுத்தடுத்து கூப்பிட்டாங்க. தேதியை உள்ளங்கையில எழுதிக்கினேன். சாயந்தரம் டைரியில ஏத்தும்போது ரெண்டையும் மாத்திப் போட்டுட்டேன். வியாழக்கிழமை இனியா கோர்ட் செயலியில பார்த்துட்டுக் கத்துச்சு, அதுவே திருத்திச்சு. அதுக்குள்ள யாருக்கும் போன் பண்ணல. நஷ்டம் ஒண்ணும் இல்ல."

"இல்ல" என்றார் எழிலரசி. டைரியை மூடி, கோட்டை மாட்டிக்கொண்டார். "சாயந்தரம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லுங்க. பாலாஜிகிட்ட, பழைய கேஸ்ல ஒரு சந்தேகம்னு மட்டும் சொல்லுங்க. ஒப்பந்தத்தைப் பத்தியோ தேதியைப் பத்தியோ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

அன்று பகல் முழுவதும் கண்ணாயிரத்துக்கு யாரைப் பார்த்தாலும் திருடனாகத் தெரிந்தது. இனியா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தால் எதற்கு என்று கேட்டார். வினோதினியின் கடைக்குப் போய், அச்சு இயந்திரத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"இன்னாண்ணா, மிஷினை விலைக்கு வாங்கப் போறியா?" என்றாள் வினோதினி.

"சும்மா பார்த்தேன்."

"பார்த்தாச்சுன்னா நவுரு. பின்னாடி கூட்டம் நிக்குது."

ஐந்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். இனியா சுவரோரம் நின்றாள். வினோதினி, கடையை யாரிடமோ விட்டு வந்த கவலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலாஜி புதுக் கோட்டில், பழைய உரிமையோடு, தான் முன்பு உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். ரேணுகாம்பாள் காலையிலிருந்து ஊருக்குப் போகவே இல்லை. சுவரோரப் பெஞ்சில் பையை மடியில் வைத்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேணுகாம்பாள் கேஸ்ல எதிர்த்தரப்பு ஒரு சமரசப் பத்திரம் போட்டிருக்காங்க" என்று எழிலரசி சாதாரணமாக ஆரம்பித்தார். "நான் எதிர்க்கப் போறேன். அந்தப் பத்திரம் எழுதினதாச் சொல்ற அன்னைக்கு இவங்க திருவண்ணாமலைக்கே வரலைன்னு வாதாடலாம்னு இருக்கேன். நிக்குமா?"

வினோதினி, "எனக்கு இன்னா தெரியும் மேடம், குடுத்ததை அடிக்கிறவ" என்றாள்.

நான்கு வருடம் வாதம் பழகியவனால் ஒரு பலவீனமான வாதத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பாலாஜி தலையை ஆட்டினான்.

"நிக்காது மேடம். அன்னைக்கு வாய்தா ஆச்சே? அதுவும் சாட்சி விசாரணை. கட்சிக்காரர் வரலைன்னு எப்படிச் சொல்லுவீங்க? ஜட்ஜ் சிரிப்பாரு."

"என்னைக்கு?"

"பன்னிரண்டாம் தேதிதான்."

எழிலரசி டைரியைத் திறந்து, அவன் முன்னால் வைத்தார்.

"நான் தேதியே சொல்லல பாலாஜி. அது இருக்கட்டும், எங்கயோ கேள்விப்பட்டேன்னு நீ சொல்லலாம். எங்க கேள்விப்பட முடியும்னு பார்ப்போம். கோர்ட் பதிவுல வாய்தா பத்தொன்பது. எதிர்த்தரப்பு வக்கீல் டைரியில பத்தொன்பது, மத்தியானம் கேட்டுட்டேன். செயலியிலயும் பத்தொன்பது. இந்த உலகத்துலயே இந்தக் கேஸுக்குப் பன்னிரண்டுன்னு எழுதியிருந்தது ஒரே ஒரு இடத்துல. இந்தப் பக்கத்துல. அதுவும் ரெண்டாந்தேதி சாயந்தரத்துலேர்ந்து அஞ்சாந்தேதி வரைக்கும்."

பாலாஜி சிவப்புக் கோட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தப்பா எழுதினது கண்ணாயிரம் அண்ணா. திருத்தினது இனியா. ரெண்டு பேருக்கும் பன்னிரண்டு தப்புன்னு தெரியும். இவங்க பத்திரம் தயார் பண்ணியிருந்தா அந்தத் தேதியைப் போட்டிருக்க மாட்டாங்க. வினோதினி கைக்கு டைரி போனதே இல்ல. நடுவுல நாலாந்தேதி இந்த டைரியோட தனியா உட்கார்ந்தது நீ. ரேணுகாம்பாள் கட்டு அப்போ இனியா மேசை மேல இருந்தது. அதுல கையெழுத்துத் தாள் இருக்கும்னும் உனக்குத் தெரியும், ஏன்னா வாங்கி வச்சதே நீதான். 'கட்சிக்காரர் அவசியம் வரணும்'னு பார்த்ததும், அன்னைக்கு இவங்க திருவண்ணாமலைக்கு வரலன்னு சொல்ல முடியாது, நல்ல தேதின்னு எடுத்துக்கிட்ட. கோடு விழுந்தது அதுக்கு அடுத்த நாள்."

"சின்னசாமிக்குத் தெரிஞ்சிருக்குமே மேடம், வாய்தா என்னைக்குன்னு?" என்று கண்ணாயிரம் பொறுக்க முடியாமல் குறுக்கிட்டார். "அவருகூடப் பார்க்கலையா?"

"சாட்சி சொல்ல வேண்டியது இவங்கதானே, இந்த வாய்தாவுக்கு அவரு வர வேண்டிய வேலையே இல்ல, தேதியை எங்க கவனிச்சிருப்பாரு? நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டிருப்பாரு. அவரோட வக்கீலும் கட்சிக்காரர் கொண்டுவந்த பத்திரத்தை நம்பி மனுவோட சேர்த்துட்டாரு."

பாலாஜி டைரியை மூடித் தள்ளி வைத்தான். "புது ஆபீஸ் மேடம். ஒருத்தரும் வரல. இதை முடிச்சுக் குடுத்தா சொந்தக்காரங்க கேஸ் எல்லாம் என்கிட்ட கொண்டு வரேன்னாரு சின்னசாமி. வழிதானே, போனா போகுதுன்னு..."

"போனா போகுதா?" பெஞ்சிலிருந்து ரேணுகாம்பாள் எழுந்தார். "என் நெல்லை வாயில கவ்விக்கினு வருவியா நீ?"

பாலாஜி புதுக் கோட்டின் கை நுனியைத் திருகிக்கொண்டு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். கண்ணாயிரம் பிடிக்கப் பாய்ந்தார்.

"விடுங்க அண்ணா. அவன் எங்க போவான்? வியாழக்கிழமை கோர்ட் கூப்பிட்டா வந்துதான் ஆகணும்."

வினோதினி கடைக்கு ஓடினாள். எழிலரசி இனியாவைக் கணினி முன்னால் உட்காரவைத்து, எதிர் மனுவுக்கான வாக்குமூலத்தைச் சொல்லத் தொடங்கினார். நூறு நாள் வேலையின் வருகைப் பதிவுப் படம் ஒன்று. டைரிப் பக்கம் ஒன்று. அதோடு நிற்காது என்று அவருக்குத் தெரியும். தாள் எங்கிருந்து போனது என்று சொல்லாமல் ஒப்பந்தம் பொய் என்று நிரூபிக்க முடியாது.

"எழுது. 'எமது அலுவலகத்தில் கட்சிக்காரர்களிடமிருந்து எழுதப்படாத தாள்களில் கையெழுத்துப் பெற்று வைத்திருந்தோம்.'"

இனியாவின் விரல்கள் நின்றன. "மேடம், இது நம்மளே நம்மளை..."

"எழுதுமா."

ரேணுகாம்பாள் மேசைக்குப் பக்கத்தில் வந்து, திரையை எட்டிப் பார்த்தார்.

"இப்படி எழுதினா கோர்ட்ல உங்க பேரு கெடாதா வக்கீலம்மா?"

"கெடும்."

ரேணுகாம்பாள், அன்று காலையிலிருந்து எல்லோர்மேலும் இருந்த அதே பார்வையை எழிலரசியின்மேலும் ஒரு முறை ஓடவிட்டார். பிறகு இனியாவின் பக்கம் திரும்பினார்.

"எழுதும்மா. வெள்ளிக்கிழமை மெஷின் வருது."