விளக்கில்லாமல் விளைந்த எரிபொருள்

பேராசிரியர் மீட்டர்காரர் வீட்டு வாசலில் குடையை மடக்கியபோதே நிலைகுலைந்துதான் போயிருந்தார்.

"என் ஆய்வுக்கூடத்துல யாரோ ஏமாத்துறாங்க. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வேற வர்றாங்க."

முப்பது வருடம் எரிவாயு மீட்டர் சோதித்து, மோசடிகளைப் பிடித்து ஓய்வு பெற்ற மீட்டர்காரர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் அவருடைய சம்பந்தி, மருமகளின் அப்பா. மகளைப் பார்க்க வந்தவருக்குத் துப்பறிவதில் கொள்ளை ஆசை. அதற்குள் நோட்டைத் திறந்து 'குற்றவாளி' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டுவிட்டார்.

"உலோகத்தையும் கரிம மூலக்கூறையும் கோத்துக் கட்டின மஞ்சள் தூள் சார். உள்ளே பூரா நுண்ணிய ஓட்டை. தண்ணியில கலந்து, கரியமில வாயுவை விட்டு, விளக்கைப் போட்டா மெத்தனால்னு ஒரு எரிபொருள் வரணும். மூணு மாசமா பேருக்குத்தான் வந்துச்சு. இந்தப் பத்து நாளா கொட்டுது. நேத்து விளக்கு எரியவே இல்ல. அப்பவும் கொட்டுது."

"யார் மேல சந்தேகம்?"

"என் ஆராய்ச்சி மாணவி மேலதான். அவ பட்டமே இதை நம்பித்தான் இருக்கு. இன்னைக்கே வெளிய அனுப்பப்போறேன்."

பத்து நாள் மழையில் தெருவே குளமாகியிருந்தது. மூவரும் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தார்கள். வழியெல்லாம் பேராசிரியரின் ஷூ சளக் சளக்கென்று பேசிக்கொண்டே வந்தது.

மாணவியின் கண்கள் சிவந்திருந்தன. பேராசிரியர் சட்டென்று எங்கோ நழுவினார்.

"தூளை எப்படிம்மா சுத்தம் பண்றே?" என்றார் மீட்டர்காரர்.

"மெத்தனால்லயே மூணு தடவை கழுவி, உலர்த்துற பெட்டியில நூத்திருபது டிகிரியில வைப்பேன்."

"ஒத்துக்கிட்டா," என்று கிசுகிசுத்தார் சம்பந்தி.

மீட்டர்காரர் தினசரி அளவு எழுதிய பதிவேட்டைப் புரட்டினார். பெட்டியருகே போய்க் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் சத்தமே இல்லாமல் திரும்பி வந்து நின்றார்.

"இந்தப் பொண்ணு ஒண்ணும் ஊத்தலை சார். ஏமாத்துறவன் தினம் ஒரே அளவு ஊத்துவான், இல்ல கூட்டுவான். இங்க புதுத் தூள் போட்ட அன்னைக்கு நிறைய, அப்புறம் நாளுக்கு நாள் குறையுது. கழுவின மெத்தனால் ஓட்டைக்குள்ளயே தங்கி, கொஞ்சங்கொஞ்சமா வெளிய வருது. அதுக்கு விளக்கு எதுக்கு?"

"அதான் காயவைக்கிறோமே," என்றார் பேராசிரியர்.

"நூத்திருபதுல வச்சா காயும். பெட்டி அறுபதுல இருக்கு. மழை ஆரம்பிச்சதும் பத்து நாளைக்கு முன்னாலதான். வரும்போது உங்க ஷூ சளக் சளக்குன்னுச்சு. இப்ப பேச்சையே காணோமே."

எல்லோரும் கீழே பார்த்தார்கள். பேராசிரியர் காலில் ஷூ இல்லை, மொடமொடவென்று காய்ந்த காலுறை மட்டும்.

"நூத்திருபதுல சாக்ஸ் கருகிடுது," என்றார் பேராசிரியர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

சம்பந்தி, நோட்டில் விட்டிருந்த இடத்தில் பேராசிரியர் பெயரை எழுதத் துடித்தார். மீட்டர்காரர் பேனாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்திரிகைக்காரர்களைப் பேராசிரியரே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான்கு நாள் கழித்து இருவரும் எட்டிப் பார்த்தபோது, மாணவி பேராசிரியரிடம் ஒரு தாளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் காயவச்ச தூள் சார். விளக்கில்லாம ஒண்ணுமே வரலை. விளக்கு போட்டா கொஞ்சூண்டு வருது."

"எவ்வளவு?" என்றார் சம்பந்தி ஆவலாக.

"ஒரு ஸ்பூன் சேர ஏழு வருஷம் ஆகும்."

சம்பந்தியின் முகம் தொங்கிப்போயிற்று. பேராசிரியரோ அந்த எண்ணை மூன்று முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இதுதாம்மா நிஜம்," என்றார். "கட்டுரையில உன் பேரை முதல்ல போடு."