மூச்சு விடலாமா மாப்ள?

பொய் சொல்லத் தெரியாத பொருள் இந்த உலகில் இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: கையால் சுற்றி, கையால் அளந்து, கையால் அழுத்துகிற பழைய பிலிம் கேமரா.

உத்தமபாளையத்தில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கும் வினோத்ராஜ் இதைச் சொல்லாத நாளில்லை. இன்ஸ்டாகிராமிலும் எழுதினார். பதினொரு பேர் விரும்பினார்கள். அதில் நான்கு பேர் பம்பு கம்பெனிக்காரர்கள்.

பொய் சொல்லத் தெரியாத அந்தப் பொருள், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து சத்தம் போட்டது.

ஸ்ஸ்ர்ர்ர்ர் என்று பல்சக்கரம் பத்து விநாடி ஓடி, டிக் என்று நின்றது. செல்ஃப் டைமர். அது ஓட வேண்டுமானால் முதலில் லீவரை ஒரு சுற்று சுற்ற வேண்டும், பிறகு முன்னாலிருக்கும் சிறிய கொக்கியைக் கீழே இழுத்துவிட வேண்டும். இரண்டுக்கும் விரல் வேண்டும். பீரோ சாவி அவர் பனியனுக்குள் தொங்கியது.

திறந்து பார்த்தார். படங்களை எண்ணும் சின்னக் கண்ணாடியில் 35 என்று விட்டுவைத்திருந்தார். இப்போது 36.

"பழைய ஸ்பிரிங்கு. ஆடிக் காத்துக்கு விறைச்சிருக்கும்" என்று தனக்கே விளக்கினார். வழக்கமாக அவருடைய விளக்கங்களை நம்ப ஒருவராவது இருப்பார், அவர்தான். இந்த முறை அந்த ஒருவரும் இல்லை.

மாமியார் ஞானபாக்கியம் இறந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. கடைசி ஆறு வருடம் இந்த வீட்டின் பின்னறையில்தான் இருந்தார். மருமகன் கேமரா வாங்கியதும் உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அவர்தான் என்பதால், எல்லாப் பரிசோதனையும் அவர் மேல் நடந்தது. அந்தக் கேமராவில் கண் வைக்கும் ஜன்னல் ஓரத்தில் இருக்கும், படம் பிடிக்கும் லென்ஸ் நடுவில் இருக்கும், ஒன்று பார்ப்பது மற்றதற்குத் தெரியாது. ஜன்னலுக்குள் ஒரு மாமியார் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகத் திருக இருவரும் நகர்ந்து வந்து ஒருவராகும் இடம்தான் போகஸ். இரண்டு மாமியாரை இத்தனை நிதானமாக ரசித்த மருமகன் கம்பம் பள்ளத்தாக்கில் வேறு யாருமில்லை.

அசையக் கூடாது என்று அவர் சொன்னதால் அந்தம்மாள் மூச்சையும் பிடித்துக்கொள்வார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, பற்களுக்கிடையில் கேட்பார்: "மூச்சு விடலாமா மாப்ள?"

"ம். விடலாம்."

உஸ்ஸென்று விடுவார். அவர் சொல்லாமல் ஒருநாளும் விட்டதில்லை.

அடக்கத்துக்கு முன்னால் பெட்டியைச் சுற்றி நின்று குடும்பப் படம் எடுப்பது அவர்கள் வழக்கம். வந்த ஸ்டுடியோக்காரரை வினோத்ராஜ் திருப்பி அனுப்பினார். நீட்டிய போன்களையெல்லாம் பைக்குள் போட வைத்தார். "அத்தைக்கு ஒரே படம். பிலிம்ல. அதுலதான் உசுரு இருக்கும்" என்றார். முக்கால் மணி நேரமாகத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்து, மனைவி பிரின்சியின் சித்தப்பா சுந்தர்ராஜ், "ஏலே, மாப்ள எடுத்து முடிக்கிறதுக்குள்ள மதினியே எந்திரிச்சு உக்காந்துருவாக" என்றார். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"யாரும் அசையாதீக" என்றார் வினோத்ராஜ், பழக்கத்தில், பெட்டியைப் பார்த்து.

ஒரே படம் என்றவர் எடுத்தது முப்பத்தைந்து. பிறகு பாதிரியார் ஜெபம் தொடங்கினார், மூடி வந்தது, ஆணி வந்தது. விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கேமராவை பீரோவில் வைக்கும்போது லென்ஸ் மூடியைத் தேடினார். ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது. எப்போது மாட்டினோம் என்று நினைவில்லை. துக்க வீட்டில் எது நினைவிருக்கும்?

ஞானபாக்கியத்தின் ஒரே மகன் ஸ்டான்லிக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலில் அவன் பார்த்தது பந்தல் துணியும் யாரோ ஒருவருடைய முழங்கையும்தான். இன்று பகல் பஸ்ஸில் வருகிறான். பிரின்சி தன் தம்பியை அழைத்துவரக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "வந்ததும் அம்மா மொகத்தத்தான் கேப்பான். இல்லைன்னு மட்டும் சொல்லிறாதீக."

பிலிம் கழுவும் மருந்து சென்னையிலிருந்து நேற்றுதான் வந்தது. வீட்டில் ஜன்னலே இல்லாத இடம் ஒன்றுதான், மாமியாருடைய குளியலறை.

கதவிடுக்கில் துண்டைச் செருகி, மேலே போர்வை கட்டி, விளக்கை அணைத்தார். வெளியே கணவாய்க் காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உள்ளே வேப்பெண்ணெய் சோப்பின் வாடை, தலைவலித் தைல வாடை, அதற்கும் அடியில், கழுவிக் கழுவியும் போகாமல், பெட்டியில் தெளித்த பன்னீரின் வாடை. கேமராவைத் திறந்து பிலிமை எடுத்தார். காலிக் கேமராவை அந்தம்மாள் உட்கார்ந்து குளிக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் தடவி வைத்தார். இனி பிலிமைச் சக்கரத்தில் ஏற்றி, டப்பாவில் போட்டு மூடும்வரை ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது. கதவைத் திறந்தால் எல்லாம் போச்சு.

விரல் வியர்த்தது. பிலிம் வழுக்கி, சக்கரத்தில் ஏறாமல் திரும்பத் திரும்ப நழுவியது.

ஸ்டூல் கிறீச்சிட்டது. கனமான ஒருவர் உட்காரும்போது கிறீச்சிடுவதுபோல.

காற்று, என்று நினைத்தார். காற்று வெளியே இருந்தது.

லீவர் சுற்றும் சத்தம். நிதானமாக, முதல்முறை தொடுகிறவர் சுற்றுவதுபோல. பிறகு ஸ்ஸ்ர்ர்ர்ர்.

அவர் அசையவில்லை. பத்து விநாடி. முழங்கால் உயரத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக. கன்னம் உப்பும் அளவுக்கு.

டிக்.

வெளியே விடவில்லை.

ஸ்விட்ச் கைக்கு எட்டும். கதவு எட்டும். கையில் பிலிம். ஸ்டான்லியின் அம்மா முகம் அதில். ஏற்றினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நழுவியது. மறுபடி. பன்னீர் வாடை நெருங்கியது. பல்லிடுக்கில், மிக மெல்ல:

"மூச்சு விடலாமா மாப்ள?"

சொல்ல வாய் வரவில்லை. டப்பா. மூடி. திருகல். ஸ்விட்ச்.

யாருமில்லை. சுவரோரம் வைத்த ஸ்டூல் அவர் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேமரா அவர் பக்கம் திரும்பியிருந்தது.

மருந்தை ஊற்றினார், கொட்டினார், தண்ணீர் விட்டார். எதற்கும் கடிகாரம் பார்க்கவில்லை. பிலிமை வெளியே இழுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

வெறும் கண்ணாடி, வெளிச்சமே படாத பிலிம். ஒன்று, இரண்டு, பத்து, முப்பத்தைந்து. ஒரு நிழல்கூட இல்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஏதோ விழுந்திருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. பிரின்சியின் குரல். பிறகு வேகமான காலடி. குளியலறைக் கதவை உள்ளங்கையால் தட்டும் சத்தம்.

"அத்தான், நான் ஸ்டான்லி. அம்மா நல்லா விழுந்திருக்காகளா?"

"ஒரு நிமிசம்" என்றார். அல்லது சொல்ல நினைத்தார்.

நெகடிவை நேராக்கிக் காட்ட, உசுரில்லாதது என்று அவர் ஒதுக்கிய போனைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. திரையில் கறுப்பு வெளுத்தது, வெள்ளை கறுத்தது.

படம் கீழிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இரு பக்கமும் வெள்ளை லேஸ். மேலே பந்தல் துணி. சுற்றிலும் குனிந்த முகங்கள்: கைக்குட்டையோடு பிரின்சி, சிரிப்பை அடக்கும் சுந்தர்ராஜ். நடுவில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கேமராவோடு வினோத்ராஜ். படத்தின் அடியில் இரண்டு கைகள், சவத்துக்கு மாட்டும் வெள்ளை உறையோடு, பைபிளின் மேல் கோத்திருந்தன. ஒரு விரல் மட்டும் பிரிந்து, மேலே நீண்டு, அவர் கேமராவைக் காட்டியது.

கதவு மறுபடி தட்டப்பட்டது. அவருக்குப் பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது.

விரல் காட்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

லென்ஸ் மூடியை அவர் கழற்றவே இல்லை.